தெற்கு வாசல், ஒன்பதரை

குய்யாங் நகரத்து நடுவில்
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி ஒரு மலை.
பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்தால் முதல் படி.
பதினோரு வருஷமாக அதன் அடியில்
நூடுல்ஸ் வேகவைக்கிறேன்.
மேலே போனதில்லை.

வருகிற ஞாயிறு போகிறேன்.

ஆர்டர் எழுதும் சீட்டின் பின்பக்கம்
மிளகாய் எண்ணெய் படாத ஓரமாகப் பார்த்து எழுதினேன்.
ஸுன்யீ ரயில் எட்டே முக்காலுக்கு.
ஷிதாவ் பிள்ளையைக் கூட்டி வருவான்.
தெற்கு வாசல், ஒன்பதரை.
சிவப்புப் பை வேண்டாம், குரங்கு பிடுங்கும்.
திரும்பும் ரயில் ஐந்து நாற்பது.

இடையில் எட்டு மணி நேரம், பத்து நிமிடம்.
ஸ்டேஷனுக்குப் போகும் நேரத்தைக் கழித்தால் ஏழு.

"ரோப் காரில் போ, பத்தே நிமிஷம்,
பிள்ளைக்குக் கால் வலிக்காது"
என்கிறாள் முட்டைக்கடை லுங் அக்கா.
பத்து நிமிஷத்தை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்வேன் அக்கா?
படி வழியாக ஏறினால் ஒரு மணி நேரம்.
ஒன்பது வயசுக் கால்கள் நின்று நின்று ஏறினால்
ஒன்றரை.
மூச்சு வாங்க நிற்கிற ஒவ்வொரு வளைவிலும்
எதையாவது சொல்லித்தானே ஆகவேண்டும் அவள்?
விழுந்த பல்லை, கணக்கு டீச்சரை,
பக்கத்து பெஞ்சுக்காரியோடு போட்ட சண்டையை,
அப்பா வீட்டில் இப்போது யார் சமைக்கிறார்கள் என்பதை.

வியாழன் மதியம் கூட்டம் ஓய்ந்ததும்
ஒத்திகை பார்க்கப் போனேன்.

குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள் என்ற பலகைமேல்
ஒரு குரங்கு உட்கார்ந்து
தீனிக்குக் காத்திருந்தது.
படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒரு கல் பெஞ்சு,
நல்ல நிழல்.
இங்கே ஆரஞ்சு உரித்துக் கொடுக்கலாம்.
குறித்துக்கொள்ளச் சீட்டை எடுத்தேனோ இல்லையோ
பின்னாலிருந்து நீண்டது
ஒரு கை.

முகர்ந்தது. நக்கியது.
என் கடைக் காரம் தாங்காமல் தும்மியது.
பிறகு என் ஞாயிற்றுக்கிழமையை
நான்காகக் கிழித்து
ஒரு துண்டைத் தன் குட்டியிடம் கொடுத்தது.

இறங்கி வந்துகொண்டிருந்த காலேஜ் பையன்
"முக்கியமான காகிதமா?" என்றான்.
"ஆமாம்" என்றேன்.
சிரிப்பு வந்துவிட்டது இரண்டு பேருக்கும்.

அதில் கடைசி வரி,
இரண்டு முறை அடிக்கோடு போட்டது:
ஷிதாவ் கீழேயே இருக்கட்டும்.
எந்தத் துண்டில் போயிற்றோ.
குட்டி மென்றுகொண்டிருந்தது.

உச்சி மண்டபத்தில் நின்று என் கடையைத் தேடினேன்.
எல்லாத் தகரமும் ஒரே நீலம்.
அந்த உயரத்திலிருந்து பார்த்தால்
யார் கடையில் என்ன வேகிறது
யார் யாரை விட்டுப் போனார்கள்
ஒன்றும் தெரியவில்லை.
ஆவி மட்டும் அங்கங்கே எழுந்தது.

இந்த ஊரில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் வெயில் நிற்காது.
ஞாயிறு தூறல் என்கிறது போன்.
மாற்றிவைக்கலாமா என்று நான் கேட்கப்போவதில்லை.
அவன் கேட்டால்
இங்கே நல்ல வெயில் என்பேன்.

ராத்திரி அவனிடமிருந்து ஒரு வரி:
"ரோப் காருக்கு டிக்கெட் போடவா? மூன்றா, இரண்டா?"

படிதான், டிக்கெட் வேண்டாம் என்று அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு,
"நானுமா?"

அடுப்பில் எலும்புச் சாறு பொங்கி வழிந்தது.
அணைத்தேன். துடைத்தேன். கை கழுவினேன்.
குடை இரண்டு கதவருகே தொங்குகிறது.
குனிந்து கட்டிலுக்கு அடியில்
மூன்றாவது ஒன்று இருந்ததே என்று துழாவினேன்.

இருக்கிறது.
ஒரு கம்பி உடைந்திருக்கிறது.